இரவில் வாய் திறக்கும் கள்ளி

எங்கள் மொட்டை மாடியில் ஒரு ரணகள்ளி இருக்கிறது. இலையைக் கிள்ளி மண்ணில் போட்டாலே ஓரமெல்லாம் குட்டிச் செடிகள் முளைக்குமே, அதேதான். ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு அதில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி, சாற்றை பிஎச் தாளில் ஒற்றினேன். தாள் ஆரஞ்சு நிறமானது. நல்ல புளிப்பு என்று அர்த்தம். பிற்பகல் மூன்று மணிக்கு, அதற்கு நேரெதிரே இருந்த ஜோடி இலையைக் கிள்ளி ஒற்றினால் தாள் மஞ்சளோடு நின்றுவிட்டது. ஒன்பதரை மணி நேரத்தில் அந்தப் புளிப்பு எங்கே போனது?

இதைக் கவனித்த முதல் ஆட்களில் ஒருவர் நம் பக்கத்தில் இருந்தவர். தரங்கம்பாடிக்கு மொராவிய கிறிஸ்தவ சபை ஊழியராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சென்னை மாகாணத்தின் செடிகொடிகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஹைன். அவர் இலையை வாயில் போட்டு மென்றே பார்த்தார். காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் கசக்கிறது என்று லண்டனில் இருக்கும் இயற்கை ஆய்வாளர் அமைப்பான லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். 1815இல் அது அச்சேறியது. நீங்கள் மெல்ல வேண்டாம். இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் அந்த இலையில் உண்டு.

கள்ளி வளர்ப்பில் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இந்தப் புளிப்பில் அடங்கியிருக்கிறது என்பேன்.

எந்தச் செடிக்கும் சர்க்கரை செய்யக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியே போய்விடும். நெல், கத்தரி போன்ற சாதாரணச் செடிகள் ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. கள்ளிக்கு 50 முதல் 100 கிராம் போதும். காரணம், அது பகல் முழுக்கத் துளைகளை மூடிவைத்து, வெயில் தணிந்த பிறகுதான் திறக்கிறது.

ஆனால் இரவில் வெளிச்சம் இல்லையே, சர்க்கரை எப்படிச் செய்வது? அதனால்தான் சேமிப்பு. இரவில் வரும் வாயுவை ஒரு நொதி பிடித்து மாலிக் அமிலமாக மாற்றுகிறது. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பையில் அது விடியும்வரை சேருகிறது. பொழுது விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ளும். அமிலம் உடைந்து கரியமில வாயு உள்ளுக்குள்ளேயே வெளிப்படும்; வெயிலின் உதவியோடு அது சர்க்கரையாகும். மூன்று மணிக்குத் தாள் மஞ்சளானது அதனால்தான். ரணகள்ளியின் குடும்பமான கிராசுலேசியின் பெயரை வைத்து இதற்குக் கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம் என்று பெயர். பிரண்டை, கற்றாழை, அன்னாசி எல்லாம் இதே வழிதான்.

பை நிறைந்தால் அன்றைய வரவு அவ்வளவுதான். கட்டைவிரல் அளவில் வாங்கிய கள்ளி மூன்று வருடம் கழித்தும் எலுமிச்சை அளவில்தான் இருக்கிறது என்றால், அது இயல்பு. உரத்தைக் கொட்டி அதை விரட்ட வேண்டாம்.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். ஊட்டியில் வாங்கி வந்த எக்கிவேரியாக்கள், அதான் ரோஜாப்பூ போல அடுக்கடுக்காக இருக்குமே அவை, சென்னையில் மே மாதம் தாண்டாமல் ஒவ்வொரு இலையாகக் கண்ணாடி போல் மாறி உதிர்ந்தன. தண்ணீரில்தான் தப்பு என்று பல நாள் நினைத்திருந்தேன். தப்பு இரவில் இருந்தது. அவற்றில் பல மெக்சிகோ மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. பகல் சுட்டாலும் இரவு குளிரும் ஊர்கள். நம் கடற்கரை ஊர்களில் மே மாத இரவுகூடப் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அந்த வெக்கையில் துளைகள் சரியாகத் திறப்பதில்லை, சேரும் அமிலமும் குறைவு, சுவாசத்துக்கே இருப்பு கரைகிறது. நலிந்த செடியைப் புழுக்கத்தில் பூஞ்சை எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் சமவெளியில் தொகுப்பு தொடங்குகிறவர்கள் முதலில் அடீனியம், கற்றாழை, மருள், சதுரக்கள்ளி, திருகுகள்ளி என்று போவது நல்லது. நம் கரட்டுக் காடுகளில் முளைக்கும் கள்ளிமுளையானும் அருமையான செடி. காட்டிலிருந்து பிடுங்காமல், வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அப்புறம் மாமிலேரியா, ஜிம்னோகேலிசியம் போன்ற முள் உருண்டைகள்.

தமிழில் எல்லாமே கள்ளிதான். ஆனால் சதுரக்கள்ளியும் மாமிலேரியாவும் உறவே இல்லை. கீறினால் பால் வடியும் சதுரக்கள்ளி யூபோர்பியா குடும்பம். முட்கள் பஞ்சு போன்ற ஒரு சிறு மெத்தையிலிருந்து கொத்தாகக் கிளம்பினால் அது கேக்டஸ். கேக்டஸ்கள் அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களின் செடிகள். ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு கொடி வகை மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. வறட்சி ஒன்றுபோல் இருந்ததால் வெவ்வேறு குடும்பங்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

இனி மண். வறட்சியில் கேக்டஸ் தன் மெல்லிய வேர்களை உதிர்த்துவிடும். தடித்த வேர்கள் சுருங்கித் தோல் தடித்துக்கொள்ளும். மழை பெய்தால் ஓரிரு நாளில் புது வேர்கள் கிளம்பி நீரை உறிஞ்சும். உடலில் இருக்கும் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து அதற்கு இடம் தரும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வரும் வாழ்க்கை அது. வேர் சாவது பெரும்பாலும் ஈரத்தால் இல்லை, ஈரம் காயாததால். எப்போதும் நனைந்த மண்ணில் காற்று இருக்காது. மூச்சு முட்டிய வேரில் அழுகல் ஏறும். கடையில் தரும் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்த்தூளில் இருக்கும். அது நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாங்கி வந்ததும் உதறிவிட்டு மாற்றுங்கள். நான் போடுவது இரண்டு பங்கு சலித்த மணல் குருணை, ஒரு பங்கு பட்டாணி அளவு செங்கல் ஜல்லி, ஒரு பங்கு செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும். மண் தொட்டி, அடியில் ஓட்டை. மாற்றி நட்டதும் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது, வேர்க் காயம் ஆற வேண்டும்.

வாரத்துக்கு ஒரு தடவை என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுங்கள். ஈரம் ஒட்டாமல் வந்தால், சாயங்காலமாக, ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைக் கூரைக்கடியில் நகர்த்துவது அவசியம். நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் தோல் வெந்து தழும்பாகிவிடும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பழக்குங்கள்.

போன மழையில் என் மாமிலேரியா ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. தூக்கினால் கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கொழகொழவென்று பழுப்பாக இருந்தது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, மெல்லிய வட்டங்களாகச் சீவிக்கொண்டே போனேன். நடுவில் நீர் கடத்தும் குழாய்களின் வளையம் ஒன்று தெரியும். அதில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் அழுகல் மேலே ஏறும் என்பதால், வளையம் முழுவதும் சுத்தமாகும்வரை ஏழு சீவல். பாதிச் செடிதான் மிஞ்சியது. அதைச் செய்தித்தாள் மேல், நிழலில், காற்றுப்படும்படி வைத்துவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. பதினெட்டாம் நாள் புரட்டிப் பார்த்தேன். காய்ந்த வெட்டுக்கு நடுவே, அந்த வளையத்தை ஒட்டி, வெள்ளையாக நான்கு வேர்முனைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.