365 கோல் அடித்தவருக்கும் ஒரு வேலை தேவைப்பட்டது

குடிநோய் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிற அன்று குடும்பத்தார் கேட்பதெல்லாம் மாத்திரையைப் பற்றித்தான். எத்தனை மாசம் போடணும், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா. நாளைக் காலையில் எழுந்து இந்த மனுஷன் எங்கே போவார் என்று நான் திருப்பிக் கேட்டால், "கொஞ்ச நாள் வீட்டுலயே ரெஸ்ட் எடுக்கட்டும் டாக்டர்" என்பார்கள். அந்த ரெஸ்ட்தான் எனக்குப் பயம். அப்போதெல்லாம் ஜெர்மனி கால்பந்து வீரர் கெர்ட் முல்லர் கதையைச் சொல்வேன். கால்பந்து பார்க்காதவர்களுக்கும் புரியும்.

போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத 1945 நவம்பரில், பவேரியாவின் நோர்ட்லிங்கன் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். நெசவுத் தொழில் பழகியவர். 1964இல் பேயர்ன் மியூனிக்கில் சேர்ந்தபோது அந்த கிளப்பே இரண்டாம் நிலை லீகில்தான் ஆடிக்கொண்டிருந்தது. இவருடைய உருவத்தைப் பார்த்து அப்போதைய கோச் சாய்கோவ்ஸ்கி வைத்த பெயர், "குட்டிக் குண்டு முல்லர்". குண்டர் என்ன செய்தார் என்றால், ஜெர்மனியின் முதல் நிலை லீகான பண்டஸ்லிகாவில் 427 ஆட்டங்களில் 365 கோல். இன்று வரை அதை யாரும் தொடவில்லை. மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68, அதில் 1970 உலகக்கோப்பையில் மட்டும் 10.

1974 இறுதிப்போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் அடித்த கோலின் வீடியோவை ஒருமுறை பாருங்கள். 43ஆவது நிமிடம், ரைனர் போன்ஹாஃப் வலப்பக்கமிருந்து பந்தை உள்ளே தள்ளுகிறார், அது முல்லரின் காலில் பட்டு அவருக்கே பின்னால் போய்விடுகிறது, வேறு யாராக இருந்தாலும் வாய்ப்பு போச்சு என்று விட்டிருப்பார்கள், இவர் ஓரடி பின்வாங்கி, உடம்பைத் திருப்பி, தரையோடு ஒரு தட்டு. பெரிய வேகமெல்லாம் இல்லை. நெதர்லாந்து கோல்கீப்பர் யோங்ப்ளூட் நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை. உலகக்கோப்பை ஜெர்மனிக்கு. அன்றோடு தேசிய அணியிலிருந்து விலகினார், வயது 28.

இனிமேல்தான் நம்ம கதை.

1979இல், ஆட்டத்தின் நடுவே மாற்றி வெளியே உட்காரவைத்த கோச்சோடு மனக்கசப்பாகி, அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார். ஃபோர்ட் லாடர்டேல் அணியில் கொஞ்ச காலம் ஆடினார், அப்புறம் அதே ஊரில் ஒரு ரெஸ்டாரன்ட்டில் பங்குதாரரானார். அவர் அப்போது என்னிடம் யோசனை கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றிருப்பேன். முப்பத்தைந்து வயதில் தெரிந்த ஒரே தொழில் முடிந்துபோன மனிதர், கை நீட்டினால் பாட்டில், வருகிற போகிற ரசிகனுக்கெல்லாம் அவரோடு ஒரு கிளாஸ் குடிக்க ஆசை. 1984இல் ஜெர்மனிக்குத் திரும்பினார், செய்ய வேலை என்று எதுவும் இல்லை. குடி முற்றியது.

1991இல், முன்பு அவரோடு ஒரே அணியில் ஆடிய ஊலி ஹோனஸ் தலையிட்டார். அப்போது அவர் பேயர்ன் கிளப்பின் மேனேஜர். நேரே உட்காரவைத்துப் பேசி சிகிச்சைக்கு அனுப்பினார். இதைச் சொன்னதும் சிலர் "நாங்களும் ரூம்ல போட்டுப் பூட்டி நிறுத்திடறோம் சார்" என்பார்கள். செய்யாதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் சட்டையில் சிந்திக்கொள்கிறவர்களை வார்டில் தினம் பார்க்கிறேன். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு ஆளே குழம்பி, இல்லாத பூச்சியைப் போர்வையில் தேடுவார்கள், அது உயிரையே எடுத்துவிடலாம். ஆஸ்பத்திரியில் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து இதைத் தாண்டவைப்பது எங்களுக்குப் பழகின வேலை.

உண்மையைச் சொன்னால் அது சின்ன வேலையும்கூட. அந்தச் சில வாரம் முடிந்த பிறகு ஹோனஸும் கிளப்பும் செய்ததுதான் பெரிசு. பணம் கொடுத்து அனுப்பவில்லை, பாராட்டு விழா வைத்து அனுப்பவில்லை, வேலை கொடுத்தார்கள். அதுவும் தலைமைக் கோச் பதவி இல்லை. இளைஞர்கள் ஆடும் இரண்டாம் அணியில் உதவிக் கோச். தலைமைப் பொறுப்பு ஹெர்மன் கெர்லாண்டிடம் இருந்தது. தோற்றால் பத்திரிகைக்காரனுக்குப் பதில் சொல்கிற பாரம் இவருக்கு இல்லை, ஆனால் காலையில் மைதானத்துக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் பையன்கள் தேடுவார்கள். புதிதாகக் குடியை விட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. 1992இல் ஆரம்பித்து 2014 வரை அங்கேதான் இருந்தார். அந்த அணி வழியாக வந்தவர்தான் தாமஸ் முல்லர், உறவெல்லாம் இல்லை, 2010 உலகக்கோப்பையில் கெர்ட் போட்ட அதே 13ஆம் எண் ஜெர்சியில், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை வாங்கினார்.

ஆகவே கடைக்காரரோ கான்ட்ராக்டரோ, திரும்பவும் முதலாளி நாற்காலியில் முதல் மாதமே உட்காரவைக்காதீர்கள், வீட்டில் சும்மாவும் படுக்கவைக்காதீர்கள். குறிப்பாக சாயங்காலம் ஆறு மணி. முன்பு கிளாஸ் எடுத்த நேரத்தில் கைக்கு வேறு வேலை இருக்கட்டும்.

இன்னொன்று, இது பல வருடம் குடிக்காமல் இருக்கிறவர்களின் வீட்டுக்கு. 2011இல் இத்தாலியின் டிரென்டோவில் அணியின் பயிற்சி முகாமின்போது முல்லர் ஹோட்டலிலிருந்து காணாமல் போனார். பல மணி நேரம் கழித்து ஊருக்குள் அலைந்துகொண்டிருந்தவரை போலீஸ் கண்டுபிடித்தது. 2015இல் அவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று கிளப் அறிவித்தது. 2021 ஆகஸ்டில் 75 வயதில் இறந்தார். குடியால் வந்ததா, தலையால் பந்தை முட்டி முட்டி வந்ததா என்று கேட்பார்கள். அதிகக் குடி மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும், முன்னாள் தொழில்முறை கால்பந்து வீரர்களிடம் மூளைச் சிதைவு நோய்களால் சாவு அதிகம் என்று 2019இல் ஸ்காட்லாந்து ஆய்வும் சொன்னது, ஆனால் ஒரு தனி மனிதரிடம் இதனால்தான் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல முடியாது.

நான் பார்ப்பது என்னவென்றால், இப்படி ஒருவர் வழி மறந்து நின்றாலோ கேட்டதையே திரும்பக் கேட்டாலோ வீட்டில் முதலில் அவர் வாயைத்தான் மோந்து பார்க்கிறார்கள். சண்டை போட்டே ஆறேழு மாதம் போய்விடுகிறது. வாடை இல்லையென்றால் சந்தேகத்தை விட்டுவிட்டு அழைத்து வாருங்கள். பி12, தைராய்டு, தலை ஸ்கேன், ஒரு ஞாபகசக்திப் பரிசோதனை. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதை எடுத்துவிட்டால் பலர் பழையபடி தேறிவிடுகிறார்கள்.