தொடரைப் பார்த்தே தொகையைச் சொல்லலாம்: ராமானுஜனின் ஒரு குறுக்கு வழி

1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. அதுவரை துறைமுகத்தில் குமாஸ்தாவாக அவர் வாங்கியது 30 ரூபாய். நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும். அடுத்த ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கைகள் கொடுத்துவிட்டார். முதல் அறிக்கையிலேயே ஒரு சூத்திரம் வருகிறது. இன்று அதை ‘ராமானுஜனின் முதன்மைத் தேற்றம்’ என்கிறார்கள்.

பிளஸ் டூ கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும்: வகையிடுவதற்கு விதிகள் உண்டு, தொகையிடுவதற்குச் சாமர்த்தியம்தான் உண்டு. பிரதியிட்டுப் பார், பகுதி பகுதியாகப் பிரித்துப் பார், ஒன்றும் நடக்காவிட்டால் வாத்தியாரைக் கேள். ராமானுஜனின் வழியில் தொகையிடும் வேலையே கிடையாது. சார்பின் தொடரை எழுதிப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் காமா சார்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 5-இன் காரணீயப் பெருக்கம் 1×2×3×4×5, அதாவது 120. சரி, அரைக்குக் காரணீயப் பெருக்கம் எவ்வளவு? 1729-இல் ஆய்லர் இதற்கு ஒரு வழி கண்டார். அதிலிருந்து வந்ததுதான் காமா. முழு எண்களில் அது காரணீயப் பெருக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகும், ஓர் எண் தள்ளி: காமா(6) என்பது 120. நடுவில் உள்ள எண்களுக்கும் அதனிடம் மதிப்பு உண்டு. காமா(½) என்பது பையின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.772.

இனி ராமானுஜனின் செய்முறை. ஒரு சார்பை எக்ஸின் அடுக்குகளால் ஆன தொடராக விரிக்கிறோம். ஒவ்வொரு உறுப்பிலும் மாறி மாறி வரும் பிளஸ், மைனஸ் குறியையும், கீழே இருக்கும் காரணீயப் பெருக்கத்தையும் தனியே எடுத்து வைக்கிறோம். கெழுவில் மிச்சம் இருப்பது உறுப்பு எண்ணைப் பொறுத்து மாறும் ஒரு விதி. இப்போது அந்தச் சார்பை எக்ஸின் (எஸ் − 1) அடுக்கால் பெருக்கி, 0-இலிருந்து முடிவிலி வரை தொகையிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை: காமா(எஸ்) பெருக்கல் அந்த விதி, ஆனால் விதியில் உறுப்பு எண் இருக்கும் இடத்தில் மைனஸ் எஸ்.

மைனஸ் அரையாவது உறுப்பு என்று எந்தத் தொடரிலும் ஒன்று கிடையாது. இருந்தாலும் அதன் மதிப்பைத்தான் இந்தச் சூத்திரம் கேட்கிறது!

செய்து பார்ப்போம். 1/(1 + எக்ஸ்) என்பதன் தொடர் 1 − எக்ஸ் + எக்ஸ்² − எக்ஸ்³ என்று போகும். கீழே காரணீயப் பெருக்கம் எதுவும் இல்லையே என்றால், மேலும் கீழும் அதனால் பெருக்கிக்கொள்ளலாம். அப்போது மேலே மிஞ்சும் விதி காரணீயப் பெருக்கமேதான். எஸ்ஸுக்கு ½ என்று வைத்தால், மைனஸ் அரையின் காரணீயப் பெருக்கம் வேண்டும். அது காமா(½), அதாவது பையின் வர்க்கமூலம். முன்னால் நிற்கும் காமா(எஸ்) இன்னொரு வர்க்கமூலம். இரண்டையும் பெருக்கினால் பை. ஆக, 1-ஐ (1 + எக்ஸ்) பெருக்கல் எக்ஸின் வர்க்கமூலத்தால் வகுத்து, 0-இலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் கிடைப்பது மிகச் சரியாக பை. சந்தேகம் இருந்தால் எக்ஸுக்குப் பதில் ஒரு வர்க்கத்தைப் பிரதியிட்டுப் பழைய வழியிலும் செய்து பாருங்கள், டேன் இன்வர்ஸ் வந்து அதே பையைத் தரும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தொடர் எக்ஸ் 1-ஐத் தாண்டினாலே விரிந்து போய்விடும். ஆனால் தொகையோ முடிவிலி வரைக்கும் சரியாக வருகிறது.

எக்ஸின் (எஸ் − 1) அடுக்கால் பெருக்கி முடிவிலி வரை தொகையிடுவதற்கு மெல்லின் உருமாற்றம் என்று பெயர். பின்லாந்துக் கணிதர் யால்மர் மெல்லினின் (1854–1933) பெயர் அது. எக்ஸில் இருந்த சார்பு உள்ளே போகும், எஸ்ஸில் ஒரு சார்பு வெளியே வரும். பழைய சார்பைத் திரும்பப் பெற, கலப்பெண் தளத்தில் அந்தப் புதுச் சார்பு எங்கெல்லாம் முடிவிலிக்கு எகிறுகிறதோ அந்தத் துருவங்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். காமாவின் துருவங்கள் 0, −1, −2, −3 என்று வரிசையாக இருக்கின்றன. அங்கே கிடைக்கும் எச்சங்கள், அதாவது ஒவ்வொரு துருவத்தின் வலுவைச் சொல்லும் எண்கள், 1, −1, ½, −1/6 என்று போகின்றன. மாறி மாறி வரும் குறி, கீழே காரணீயப் பெருக்கம்: நாம் முதலில் எடுத்து வைத்தது இதைத்தானே? எஸ் −3-இல் நிற்கும்போது மைனஸ் எஸ் 3 ஆகிறது, விதி மூன்றாவது கெழுவைக் கொடுக்கிறது. துருவங்கள் ஒவ்வொன்றாகத் தொடரின் உறுப்புகளைத் தந்துவிடுகின்றன. தேற்றத்தின் உள்வேலை இவ்வளவுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வோம். பையை எந்த முழு எண்ணால் பெருக்கி சைன் எடுத்தாலும் 0 வரும். அந்த சைனை நம் விதியோடு கூட்டிவிடுங்கள். தொடரில் ஓர் உறுப்பும் மாறாது, சார்பும் மாறாது, தொகையும் மாறாது. மைனஸ் அரையில் மட்டும் அந்த சைன் −1 ஆகிவிடும், சூத்திரம் வேறு விடை சொல்லும். எது சரியான விதி? கலப்பெண் தளத்தில் மேலும் கீழும் போகும்போது விதி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதில் இருக்கிறது பதில். இந்த சைன் சரியாக எல்லைக்கோட்டு வேகத்தில் வளர்வது. அதைவிட மெதுவாக வளரும் விதி ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று ஃப்ரிட்ஸ் கார்ல்சன் 1914-இல் நிறுவினார். ராமானுஜன் தேற்றத்துக்கு உரிய நிபந்தனைகளையும் நிரூபணத்தையும் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டி தன் 1940-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கொடுத்தார். கலப்பெண் சார்புகளின் துணை பெரிதாக இல்லாமலே ராமானுஜன் இதை இவ்வளவு லாகவமாகக் கையாண்டதுதான் எனக்குச் சூத்திரத்தைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

இந்தக் குறுக்கு வழி எங்கே நன்றாக வேலை செய்யும்? ஹைப்பர்ஜியோமெட்ரிக் சார்புகளில். பெருக்குத் தொடரில் ஓர் உறுப்பை முந்தைய உறுப்பால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரும். அந்த விகிதம் உறுப்பு எண்ணைப் பொறுத்து மாறலாம், ஆனால் மேலும் கீழும் பல்லுறுப்புக் கோவை கொண்ட பின்னமாக இருக்க வேண்டும் என்று தளர்த்தினால் ஹைப்பர்ஜியோமெட்ரிக் தொடர் கிடைக்கிறது. காஸ் 1812-இல் விரிவாக ஆராய்ந்த வகையில் அந்தப் பின்னத்தை நிர்ணயிக்கும் நிலை எண்கள், அதாவது அளவுருக்கள், மேலே இரண்டு, கீழே ஒன்று. மேலும் கீழும் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால் அது பொதுமைப்படுத்திய வகை. மடக்கை, டேன் இன்வர்ஸ், அடுக்குக்குறிச் சார்பு, பெஸல் சார்பு எல்லாமே இந்தக் குடும்பம்தான். பள்ளியில் படிக்கும் தனி ஊசல் சூத்திரம் சின்ன ஆட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். 90 பாகை தூக்கி விட்டால் அலைவு நேரம் 18 சதவீதம் கூடிவிடும், அந்தத் திருத்தத்தைச் சொல்வதும் காஸின் சார்புதான்.

விகிதம் இப்படி இருப்பதால் கெழுக்கள் காமாக்களின் பெருக்கலாகவும் வகுத்தலாகவும் அமைந்துவிடுகின்றன. எனவே மெல்லின் உருமாற்றமும் அப்படியே: மேலே உள்ள ஒவ்வோர் அளவுருவுக்கும் மேலே ஒரு காமா, கீழே உள்ளதற்குக் கீழே ஒரு காமா. மத்தளத் தோலின் அதிர்வில் வரும் பூச்சிய வரிசை பெஸல் சார்பை எடுங்கள். மாறியைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் அதன் விதி 1-இன் கீழ் காரணீயப் பெருக்கம். மைனஸ் அரையில் அது 1-இன் கீழ் பையின் வர்க்கமூலம், முன்னால் நிற்கும் காமா(½) அதை அடித்துவிடும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும் அந்த வளைகோட்டின் மொத்தத் தொகை 1.

எக்ஸின் அடுக்குக்குப் பதிலாகத் தேய்ந்துகொண்டே போகும் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கித் தொகையிடும் லாப்லாஸ் உருமாற்றம் இதற்கு நெருங்கிய சொந்தம். அது ஒவ்வோர் உறுப்பையும் ஒரு காமாவால் பெருக்கி, மேலே ஓர் அளவுருவைக் கூட்டிவிடும்.

அப்புறம், இப்படிப்பட்ட இரண்டு சார்புகளைப் பெருக்கித் தொகையிட்டால்? மெல்லின் பக்கத்தில் அதுவும் வெறும் பெருக்கலாகிவிடும், மறுபடி காமாக்கள்தான். இந்தக் காமாப் பெருக்கல்களையெல்லாம் சேர்த்து டச்சுக் கணிதர் கார்னெலிஸ் மெய்யர் 1936-இல் ஜி சார்பை உருவாக்கினார். 1961-இல் சார்ல்ஸ் ஃபாக்ஸ் அதை எச் சார்பாக விரித்தார். மேத்தமேட்டிகா போன்ற மென்பொருள்கள் பல வரையறுத்த தொகைகளை இப்படித்தான் போடுகின்றன: இரண்டு சார்புகளையும் ஜி-ஆக மாற்றி, காமாக்களைச் சேர்த்து, வந்த விடைக்குத் தெரிந்த பெயர் ஏதாவது உண்டா என்று தேடும். இரண்டு காமாக்களின் துருவங்கள் ஒரே இடத்தில் மோதினால் விடையில் மடக்கை முளைக்கும். இரண்டாம் வகைப் பெஸல் சார்பில் மடக்கை வருவது அதனால்தான். பெயர் எதுவும் அகப்படாவிட்டால் மென்பொருள் மெய்யர்ஜி என்று எழுதி நிறுத்திவிடும். முதல் முறை பார்ப்பவர்கள் கணக்கு தோற்றுவிட்டது என்று நினைப்பார்கள். அதுவும் முழு விடைதான், எண் மதிப்பு கேட்டால் எத்தனை தசம இடத்துக்கு வேண்டுமோ அத்தனைக்கும் தரும்.