ஹோம்ஸ்கூலிங்: வீட்டுப்பள்ளியா, வீட்டுக்கல்வியா?

ஹோம்ஸ்கூலிங் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வீட்டுப்பள்ளி, இல்லப்பள்ளி, வீட்டுக்கல்வி, வீட்டுவழிக் கல்வி என நாலைந்து சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பேசும்போது பெரும்பாலோர் இவை எதையும் தொடாமல் ஹோம்ஸ்கூலிங் என்றே சொல்லிவிடுகிறார்கள். முழுநேர வேலையில் இருந்துகொண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்களே சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு, எந்தச் சொல்லைப் பிடிக்கிறோம் என்பது கொஞ்சம் முக்கியம். அதற்குமுன் பொருளைப் பார்த்துவிடலாம்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல், படிப்பின் முழுப் பொறுப்பையும் பெற்றோரே ஏற்று நடத்துவதுதான் ஹோம்ஸ்கூலிங். இதில் வீடு என்பதைவிடப் பொறுப்பு என்பதற்குத்தான் கனம் அதிகம். பாடம் நூலகத்தில் நடக்கலாம், பூங்காவில் நடக்கலாம். கணக்குக்கு மட்டும் வெளியாள் ஒருவர் வந்து போகலாம். எதைப் படிப்பது, எப்போது, எந்த வேகத்தில் என்று முடிவெடுப்பவர் பெற்றோராக இருந்தால் அது ஹோம்ஸ்கூலிங். பள்ளியில் பெயர் இருக்கிறது, பள்ளி ஆசிரியர் திரையில் பாடம் நடத்துகிறார், பிள்ளை வீட்டில் உட்கார்ந்து கேட்கிறது என்றால் அது ஆன்லைன் வகுப்பு மட்டுமே. மாலையில் பெற்றோர் பாடம் சொல்லிக்கொடுப்பதும் இதில் சேராது.

இந்த வேறுபாடு 2020இல் குழம்பிப்போனது. ஊரடங்கில் வீட்டில் இருந்த பிள்ளைகள் எல்லாருமே ஹோம்ஸ்கூலிங் செய்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அந்த ஆண்டு எடுத்த கணக்கில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஹோம்ஸ்கூலிங் செய்தவை வசந்த காலத்தில் 5.4 சதவீதம், இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம். இடையில் கேள்வியின் வாசகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. ஆன்லைன் வகுப்பில் இருப்பவர்களும் ஆம் என்று குறித்துவிடக் கூடாதே!

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஸ்கூல் என்பதன் வேர் கிரேக்க மொழியின் ஸ்கோலே. அதற்கு முதற்பொருள் ஓய்வு. ஓய்வு உள்ளவர்கள் கூடி அறிவான விஷயங்களைப் பேசினார்கள். பிறகு அந்தப் பேச்சுக்கும், பேசிய இடத்துக்கும் அதே பெயர் வந்தது. லத்தீனில் ஸ்கோலா ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. முழுநேர வேலை பார்க்கும் பெற்றோர் இந்த வேர்ச்சொல்லைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களிடம் இல்லாதது அந்த ஓய்வு ஒன்றுதான்.

வீட்டில் கற்பிப்பது மிகப் பழையது. அதற்கென்று ஒரு பெயர் பரவியது பின்னால்தான். பள்ளிக்குப் போவதே எல்லாருக்கும் விதி என்று ஆன பிறகுதான் போகாமல் இருப்பதைச் சுட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1977இல் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் இதற்கென்றே ஒரு இதழ் தொடங்கினார். பள்ளியின் பாடத்திட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில் அவருக்கு விருப்பம் இல்லை. பிள்ளை தன் ஆர்வத்தின் போக்கில் கற்பதைக் குறிக்க அன்ஸ்கூலிங் என்ற சொல்லை உண்டாக்கினார். ஆனாலும் ஊர்வாயில் நிலைத்தது ஹோம்ஸ்கூலிங்தான்.

பிரிட்டனில் வேறு வழக்கு. அங்கே ‘வீட்டுக்கல்வி’ என்று பொருள்படும் ஹோம் எஜுகேஷன்தான் அதிகம் புழங்குகிறது. ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் 1886இலேயே அந்தத் தலைப்பில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த கல்வி பள்ளிக்கு அனுப்பியோ ‘வேறு வகையிலோ’ கிடைக்கச் செய்வது பெற்றோர் கடமை என்கிறது. அந்த ‘வேறு வகையில்’ என்ற துண்டை எடுத்தே 1977இல் எஜுகேஷன் அதர்வைஸ் என்ற வீட்டுக்கல்விப் பெற்றோர் அமைப்பு தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. சட்ட வாசகத்திலிருந்து இவ்வளவு அழகான பெயர் கிடைப்பது அபூர்வம்.

இனித் தமிழ்ச் சொற்கள். வீட்டுப்பள்ளி என்றால் யாரோ தம் வீட்டில் நடத்தும் சின்னப் பள்ளி என்றே காதில் விழுகிறது. இல்லப்பள்ளிக்கும் அதே கதி. வீட்டுவழிக் கல்வியைத் தமிழ்வழிக் கல்வியின் அச்சில் வார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ‘வழி’ பயிற்றுமொழியைக் குறிக்கிறது, வீடு மொழி இல்லையே. வீட்டுப்பாடம் என்று எழுதவே முடியாது, ஹோம்வொர்க் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. மிஞ்சுவது வீட்டுக்கல்வி. பள்ளி என்ற சொல் உள்ளே இல்லாததே அதன் பெரிய பலம். கட்டுரைக்கும் படிவத்துக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

பேச்சுத் தமிழ் இதை இன்னும் எளிதாக முடித்துவிடுகிறது. “பொண்ணு எந்த ஸ்கூல்?” என்று யாராவது கேட்டால், “வீட்டுலயே படிக்கிறா” என்று பதில் வருகிறது. “வீட்டுல படிக்கிறா” என்றால் புத்தகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதோடு சரி. இலக்கணம் பிரிநிலை ஏகாரம் என்று சொல்லும் அந்த ஒற்றை ஏகாரம் வந்து சேர்ந்ததும், ‘பள்ளியில் அல்ல’ என்ற பொருள் தானாக ஏறிவிடுகிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் பிரிநிலையும் ஒன்று.

ஸ்கூலிங் என்ற பாதிதான் வேலைக்குப் போகும் பெற்றோரை மிரட்டுகிறது. காலை ஒன்பது முதல் மாலை வரை பாடவேளை, மணி, கரும்பலகை எல்லாவற்றையும் வீட்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று நினைத்து, வேலையை விட்டால்தான் முடியும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சின்ன வயதுக்கு அவ்வளவு நேரம் தேவையே இல்லை. 2020இல் பள்ளிகள் மூடியபோது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் கல்வி வாரியம் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு நேர அளவு பரிந்துரைத்தது. மழலை வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 முதல் 90 நிமிடம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 45 முதல் 90. நெருக்கடி காலத்து அளவுதான் என்றாலும், நூறாண்டுக்கு முன்பே மேசனும் எட்டு வயதுக்குள் ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்.

ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தவருக்கு இது புரியும். ம, ர, ம் என்று விரல் வைத்துக் கூட்டி ‘மரம்’ என்று வாசித்ததும் முகம் மலரும். அடுத்து படம், பழம், குளம். நாலைந்து சொல் போனதும் நாற்காலிக்கு அடியில் கால்கள் ஆடத் தொடங்கும், கண் ஜன்னலுக்குப் போகும். அன்றைய வாசிப்பு அங்கே முடிந்தது. அதற்குமேல் இழுத்தால் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும். வேலை தொடங்குமுன் இப்படிக் கொஞ்ச நேரம், மாலையில் எண்ணோடு கொஞ்ச நேரம், படுக்கப் போகுமுன் ஒரு கதை என்று வைத்தால், முழுநேர வேலைக்காரரும் சமாளிக்கக்கூடிய அளவுதான். வார விடுமுறையையும் சேர்த்துக்கொள்ளலாம், சனிக்கிழமை படிக்கக் கூடாது என்று எந்தப் பிள்ளையும் சட்டம் போடவில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி இரண்டு வேலை செய்கிறது: கற்பிக்கிறது, பெற்றோர் வேலையில் இருக்கும் மணிகளில் பிள்ளையைப் பார்த்தும் கொள்கிறது. ஹோம்ஸ்கூலிங் என்ற சொல் முதல் வேலையை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைத்துவிடுகிறது. வீட்டுக்கல்வி என்ற நம் சொல்லும் அப்படியே. வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் கதை மாறாது. கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது “அம்மா, பென்சில் முனை உடைஞ்சிருச்சு” என்று கதவைத் தட்டும் பிள்ளைக்கு ம்யூட் பொத்தான் எல்லாம் கணக்கே இல்லை.

ஆகவே கற்பிப்பது யார், பார்த்துக்கொள்வது யார் என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கேட்டால்தான் கணக்கு நேராகும். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஒருவர் காலை, ஒருவர் மாலை என்று ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறார்கள். தாத்தா பாட்டி, சம்பளத்துக்கு வரும் பராமரிப்பாளர், முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மூன்று குடும்பங்கள் என்று மற்ற ஏற்பாடுகளும் உண்டு. இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கோ-ஆப் என்கிறார்கள், கற்றல் கூட்டு என்று சொல்லலாம். பார்த்துக்கொள்பவரே பாடமும் நடத்த வேண்டியதில்லை, வாசிப்பும் கணக்கும் பெற்றோர் கையில் இருக்கட்டும். எந்த ஏற்பாடும் அமையாத வீட்டில், எவ்வளவு நல்ல பாடத்திட்டம் வாங்கினாலும் இரண்டு மாதத்தில் யாராவது ஒருவர் களைத்துப்போவார், பெரும்பாலும் அம்மா.

சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்கு அனுமதி உண்டு, நிபந்தனைகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், விலக்குகள் மிக அரிது. அங்கே வேலைக்காகக் குடிபெயரும் குடும்பத்துக்கு, தமிழில் எந்தச் சொல் சரி என்ற கேள்விக்கு முன்னால் இது வந்து நிற்கும்.