கடைசிப் படம் எடுத்த பிறகு

தென்காசிப் பக்கம் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். 18 வருடமாகிறது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பயணம் போய் எனக்காகப் படம் எடுப்பேன். இத்தனை வருடத்தில் எனக்கும் என் கூட வேலை பார்க்கும் பையன்களுக்கும் நடந்த இடர்ப்பாடுகளை ஒரு நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன். மும்முரமாக வேலை பார்க்கும்போது நடந்தவை அதில் ரொம்பக் கொஞ்சம். வேலை முடிந்தது என்று நினைத்த அந்த அரை மணி நேரத்தில்தான் முக்கால்வாசியும் நடந்திருக்கிறது. கேமராவின் மெமரி கார்டு மாற்றும்போது, பையைக் கட்டும்போது, வண்டியில் ஏற்றும்போது, 'இன்னும் ஒரே ஒரு படம்' என்று யாராவது கேட்கும்போது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காகவும், செல்போனில் வீட்டு விசேஷங்களை எடுத்து வைத்திருக்கும் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் 2013-இல் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்கும். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம். பெண்ணின் அண்ணன் ராணுவத்தில் இருந்தார். ஒரே ஒரு நாள் லீவில் வந்து, ரிசப்ஷன் மேடையில் முதல் ஆளாக ஏறித் தங்கையோடும் அம்மா அப்பாவோடும் படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். ரிசப்ஷன் முடிய 11 மணி. நிறைந்த கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அதே பையில் காலிக் கார்டும் இருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். விடிகாலை 4 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கையில் வந்ததை எடுத்துக் கேமராவில் போட்டு, காலிக் கார்டுதானே என்று ஃபார்மட் கொடுத்துவிட்டேன். தாலி கட்டி, பந்தி முடிந்து, பையைக் கட்டும்போதுதான் மற்ற கார்டு காலியாக இருப்பது தெரிந்தது.

ஃபார்மட் கொடுத்தால் படம் உடனே அழிந்துவிடுவதில்லை. கார்டை ஒரு பெரிய நோட்டு என்று வைத்துக்கொண்டால், எந்தப் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் மட்டும்தான் கிழிக்கப்படுகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும். அவற்றின் மேல் புதிதாக ஏதாவது எழுதினால்தான் பழையது போகும். அதனால் தவறு நடந்தது தெரிந்த நொடியில் கார்டைக் கேமராவிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அதில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே பெரும்பாலான படங்களை மீட்டுக் கொடுத்துவிடும். மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் கூடாது.

எனக்குத் தெரிய வந்தபோது முகூர்த்தப் படங்கள் 600-க்கு மேல் அதே கார்டில் ஏறியிருந்தன. ஃபார்மட் ஆன கார்டில் கேமரா மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பிக்கும். அப்படியானால் முதலில் போவது ரிசப்ஷனில் முதலில் எடுத்த படங்கள். கடைசியில் எடுத்த 300 சொச்சம் கிடைத்தன. மேடையில் முதலில் ஏறிய அண்ணன் கிடைக்கவில்லை. உறவினர் ஒருவர் செல்போனில் எடுத்த ஒரு படத்தைத் தேடிப் பிடித்து, தெளிவில்லாத அதை ஆல்பத்தில் சின்னதாகப் போட்டோம். நடந்ததை மறைக்காமல் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "பரவால்ல தம்பி, வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்களிடம் சில வழக்கங்கள் வந்துவிட்டன. மண்டபத்தில் யாரும் ஃபார்மட் செய்யக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஸ்டூடியோவில், கார்டில் இருக்கும் பழைய படங்களுக்கு இரண்டு பிரதி இருக்கிறதா என்று பார்த்த பிறகு, மறுநாள் எடுக்கப்போகும் கேமராவிலேயே ஃபார்மட் செய்துகொண்டுதான் கிளம்புகிறோம். காலிக் கார்டு இடது பை, எடுத்த கார்டு பொத்தான் போட்ட வலது பை. எடுத்த கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுக் குமிழைக் கீழே தள்ளிவிடுவோம். இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வைக்கிறோம். முதல் கார்டு நிறைந்த பிறகு இரண்டாவதுக்குப் போகிற மாதிரி வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படி வைத்தால் இரண்டு கார்டு இருந்தும் பிரதி ஒன்றுதான். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் படுக்கும் முன் இரண்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுவோம். அந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே வண்டியில் போகாது. ஒன்று என்னோடு, ஒன்று பையனோடு அவன் வீட்டுக்கு.

கார்டு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவு விலையில் வரும் போலிக் கார்டுகளில் 128 ஜிபி என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருக்கலாம். கேமராவும் கம்ப்யூட்டரும் அதை 128 என்றே காட்டும். 8 தாண்டிய பிறகு எழுதுவதெல்லாம் வீண், அல்லது பழையதன் மேலேயே விழும். படம் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது, வீட்டுக்கு வந்து திறந்தால்தான் தெரியும். புதுக் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. சில மணி நேரம் ஆகும், ஆனாலும் அந்தச் சோதனை முடியாமல் எந்தக் கார்டும் எங்களிடம் வேலைக்கு வராது.

செல்போனில் எடுப்பவர்களுக்கு வேறு மாதிரி ஆபத்து. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகிவிட்டது, இனிப் போனில் இருப்பதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று அந்த ஆப்பிலேயே அழிக்கிறார்கள். அது இணையத்தில் கூகுளிடம் இருப்பதையும் சேர்த்து அழித்துவிடும். போனில் மட்டும் அழிக்க அதற்கென்றே தனியாக ஒரு வசதி அதில் இருக்கிறது. தவறி அழித்திருந்தால் பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைப் பெட்டியில் இருக்கும், ஐபோனின் சொந்தப் போட்டோஸ் ஆப்பில் 30 நாள். அதற்குள் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வைத்துப் பெரிதாக அச்சடிக்கலாம் என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஈரம். எங்கள் ஊரில் ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. கேமராவுக்கு ஓய்வு. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் காலமும் அதுதான். ஒரு ஆடியில் அருவிப் பக்கம் போய்ப் படம் எடுத்துவிட்டு, பையை அப்படியே பீரோவில் வைத்தேன். பை நனையவில்லை, லேசாக நமுத்திருந்தது, அவ்வளவுதான். ஆவணி முகூர்த்தத்துக்கு எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை. துடைக்கக் கொடுத்தேன். வலை போனது. கண்ணாடியின் பூச்சை அது அரித்த தடம் போகவில்லை. விளக்கொளிக்கு எதிரே எடுத்தால் இன்றும் மங்கலாகத்தான் விழுகிறது.

ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய இருட்டில் பல நாள் கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உலர் பெட்டி வாங்க முடியவில்லை என்றால், இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் போட்டு, 40-க்கும் 50-க்கும் நடுவில் வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் வேண்டாம், நீல நிற ஜெல்லில் இருக்கும் ரசாயனம் உடம்புக்கு ஆகாது. அரிசிக்குள் கேமராவைப் புதைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், மாவுத் தூசிதான் உள்ளே போகும். ஏசி அறையில் இரவெல்லாம் இருந்த லென்ஸை வைகாசிப் புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க வியர்க்கும். மாப்பிள்ளை அழைப்பு போய்விடும், லென்ஸ் தெளிந்திருக்காது. அரை மணி முன்பே பையை ஜிப் திறக்காமல் வெளியே கொண்டு வந்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

லடாக் போனபோது நடந்தது பை கட்டும் அவசரத்தில். முந்தின நாள் கல்யாண வேலை முடித்து நள்ளிரவில் பை கட்டினேன். கேமரா பேட்டரிகள் எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் போட்டு, விமான நிலையத்தில் லக்கேஜில் அனுப்பிவிட்டேன். தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் கவனிக்க ஆள் இல்லை என்பதால் வைத்த விதி. பெட்டியைத் திறக்கச் சொல்லி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கேமராவுக்குள் இருந்த ஒரே பேட்டரியோடு லே போய் இறங்கினேன். பேட்டரி தேக்கி வைக்கும் மின்சாரத்தை அளக்கும் வாட்-அவர் கணக்கில் 100 வரை கைப்பையில் கொண்டு போகலாம். பேட்டரி மேல் போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அந்தக் கணக்கு வரும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74. பேட்டரி முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது போலக் காட்டும். சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் கொஞ்சம் உயிர் வரும். அந்தப் பயணத்தில் அப்படித்தான் சமாளித்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பொருள் நஷ்டம். கடைசியாகச் சொல்லப்போவது அப்படி இல்லை.

கல்யாணத்துக்கு முன்போ பின்போ கடற்கரையில் படம் எடுப்பது இப்போது எல்லோரும் கேட்பது. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு ஜோடியை எடுத்து முடித்தோம். வெளிச்சம் போய்விட்டது, ஃபிளாஷைக் கழற்றிப் பையில் வைத்தாயிற்று. "அண்ணே, அந்தப் பாறையில மட்டும் ஒண்ணு" என்றார் மாப்பிள்ளை. சரி என்றேன். கடல் அமைதியாகத்தான் இருந்தது, காற்றுகூட இல்லை. பாறையில் ஏறி நின்ற இரண்டாவது நிமிடம் ஓர் அலை இடுப்பு உயரத்துக்கு வந்து இருவரையும் சாய்த்தது. பெண் பட்டுப்புடவையில் இருந்தார். நனைந்த பட்டு எவ்வளவு கனக்கும், காலை எப்படிச் சுற்றும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். முழங்காலில் சிராய்ப்போடு போனது.

தூக்கியவர்களில் பெரியவர் சொன்ன வார்த்தைதான் கள்ளக்கடல். திருடன் மாதிரி சொல்லாமல் வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் புயலில் பிறந்த அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. கேரள, குமரிக் கரை மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோவே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நாட்கள் அவை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம்தான் அந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது, யாரும் பார்க்கலாம். கடற்கரை வேலை என்றால் இப்போது முதலில் அதைப் பார்க்கிறேன். அப்புறம் கரையில் இருக்கும் மீனவர்களிடம் கேட்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்பிவிடுவேன், முன்பணத்தையும் கொடுத்துவிடுவேன்.

தொழில் செய்கிற தம்பிகள் இதை யோசித்துப் பாருங்கள். கடற்கரைப் படத்தில் ஜோடி கடலுக்கு முதுகு காட்டி நிற்கும். கடலைப் பார்த்து நிற்கும் ஒரே ஆள் நாம்தான். ஆனால் நம் கண் கேமராவில் இருக்கிறது, தூர லென்ஸ் போட்டால் இரண்டு முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. ஆக, வருகிற அலையை அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. 'இன்னும் ரெண்டு அடி பின்னாடி போங்க' என்று சொல்வதும் நாம்தான்.

அதனால் கடற்கரைக்குப் போனால் ஒரு பையனுக்கு வேறு வேலையே கொடுப்பதில்லை. முகத்தில் வெளிச்சம் திருப்பும் ரிஃப்ளெக்டர் பிடிக்க மாட்டான், பை தூக்க மாட்டான். கழுத்தில் விசிலோடு கடலைப் பார்த்து நிற்பான். கடைசி ஆள் மணலைத் தாண்டி ரோட்டுக்கு ஏறும்வரை அவன் திரும்பக் கூடாது. விசில் கேட்டால் நானும் சேர்த்து எல்லோரும் மேலே ஓட வேண்டும் என்று முதலிலேயே ஜோடியிடம் சொல்லிவிடுவேன்.

போன தை மாதம் மணப்பாடு கடற்கரையில் நல்ல வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோது விசில் அடித்தான். ஓடினோம். வந்த அலை கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. பெண்ணின் மேக்கப் கலைந்தது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரியாத்தான்டா அடிச்ச, போய் நில்லு" என்றேன்.