சி.எஸ்.ஆர். பணம்: மூன்றாம் வருஷம் யார் பார்ப்பது?

பாளையங்கோட்டையில் ஆடிட்டராக இருக்கிறேன். மார்ச் கடைசி வாரம் வந்தால் போதும், நாங்கள் கணக்குப் பார்க்கிற அறக்கட்டளைகளுக்குக் கம்பெனிகளிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணத்தைப் பற்றித்தான். "இவ்வளவு லட்சம் பாக்கி இருக்கு. 31ஆம் தேதிக்குள்ள செலவு பண்ணி பில் தர முடியுமா?" ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

இதைத் தர்மம் என்று நாம் நினைப்பதுதான் முதல் தவறு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். 2021 முதல், செலவழிக்காத பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அரசு குறிப்பிட்ட நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு முதலாளி படம் போட்டு ஃபிளெக்ஸ் வைப்பது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான்.

"நோக்கம் எதுவா இருந்தா என்ன, பிள்ளைகளுக்குத் தண்ணி கிடைக்குதே" என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆர்.ஓ. என்கிற குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிய செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் நான். பில் சரி, புகைப்படம் சரி. மூன்றாவது வருஷம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். தண்ணீரை வடிகட்டுகிற மெம்பிரேன் அடைத்து, இயந்திரம் நின்று பல மாதம் ஆகியிருந்தது. மாற்றுவதற்குப் பள்ளியிடம் பணமில்லை. கம்பெனியைக் கேட்டால், "அது முடிஞ்ச புராஜெக்ட் சார்" என்றார்கள். கணக்கில் முடிந்துதான் இருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பெயர்ப் பலகை மட்டும் புதுசாகவே இருந்தது.

அன்றிலிருந்து நோக்கத்தைப் பற்றி வேறு மாதிரி நினைக்கிறேன். அது மனசுக்குள் ஒளிந்திருக்கிற விஷயமில்லை. கொடுக்கிறவர் முதலில் எதைக் கேட்கிறார் என்பதிலேயே தெரிந்துவிடும். எங்களிடம் வருகிற ஒரு கடைக்கார அண்ணாச்சியும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற 80ஜி ரசீது கேட்பார். அதில் தப்பே இல்லை, சட்டம் கொடுத்த சலுகை. ஆனால் ரசீதுக்கு முன்னால், "மோட்டார் ரிப்பேரானா யாரு பாப்பா? கரண்டு பில்லு யாரு கட்டுவா?" என்று கேட்டுவிடுவார். (காசோலை கொடுத்து, கமிஷன் போக மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பி வாங்குகிறவர்களும் உண்டு. அது வரி ஏய்ப்பு. எந்த அறக்கட்டளையும் உடன்படக் கூடாது.)

தலைமையாசிரியர்களுக்கும் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "மார்ச்சுக்குள்ள முடிக்கணும், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க முடியாது" என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். தொடர் திட்டமாக எடுத்தால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்த விதிகளில் இடம் இருக்கிறது. அப்போது மிச்சப் பணத்தை உடனே அரசு சொன்ன நிதிக்குக் கட்ட வேண்டியதில்லை, தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்தால் போதும். பராமரிப்புச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். திறப்பு விழாத் தேதியை அதற்கப்புறம் குறியுங்கள்.