பொதி: லினக்ஸ் 'பேக்கேஜ்' என்பதற்குரிய தமிழ்ச்சொல்

ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான கோப்புகள், அவற்றை எங்கெங்கே வைக்க வேண்டும் என்னும் குறிப்பு, அது வேறு எவற்றைச் சார்ந்திருக்கிறது என்னும் பட்டியல் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கட்டிய கோப்பையே லினக்ஸ் இயங்குதளத்தில் 'பேக்கேஜ்' என்கிறோம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் தமிழில் பேசும்போதும் 'பேக்கேஜ்' என்றே சொல்வார்கள். எழுத்தில் 'தொகுப்பு' என்பாரும் உண்டு. 'பொதி' என்பதே பொருத்தமான சொல் என்பது என் உறுதியான கருத்து.

மூலநிரலைப் பொறிமொழிக்கு மாற்றுவதை ஏற்கெனவே 'தொகுத்தல்' என்றும், அதைச் செய்யும் கருவியைத் 'தொகுப்பி' என்றும் வழங்கிவருகிறோம். நிரலைத் தொகுத்த பிறகே பொதிகிறார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தால், பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று கற்பவரால் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆங்கிலத்தின் 'பேக்' இடைக்கால ஃபிளாண்டர்ஸ் கம்பளி வணிகர் வழியே வந்திருக்கலாம் என்பர். 'பொதி'யும் வணிகச் சொல்லே. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்க அலுவலர்கள் புலிச்சின்னம் பொறித்து வெளியே அனுப்பிய பண்டங்களைப் பட்டினப்பாலை 'பொதி மூடை' என்கிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் பொதிகளை இணையத்தில் வைத்திருக்கும் களஞ்சியங்களின் அட்டவணையும் அதுபோல மின்னொப்பம் பெற்றே வெளிவருகிறது. ஒப்பம் பொருந்தாவிட்டால், களஞ்சியத்திலிருந்து பொதிகளை வரவழைத்து நிறுவும் 'ஆப்ட்' என்னும் கருவி எச்சரிக்கும்.

ஒரு பொதி இயங்க வேறு எது தேவையோ அதைக் குறிக்கும் 'டிப்பெண்டன்சி' என்பதற்குச் 'சார்பு' போதும். உபுண்டுவில் தமிழில் தட்டச்சுச் செய்ய 'ஐபஸ்-எம்17என்' என்னும் பொதியை நிறுவச் சொன்னால், அது சார்ந்திருக்கும் 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டு மென்பொருள், பன்மொழி எழுத்துகளைக் கையாளும் எம்17என் நிரலகம் ஆகியவற்றில் கணினியில் இல்லாதவற்றையும் ஆப்ட் தானே வரவழைத்துவிடும். உபுண்டுவை நிறுவும்போது இருப்பிடம் சிங்கப்பூர் என்று குறித்திருந்தால், இவை பெரும்பாலும் 'எஸ்ஜி' என்னும் முன்னொட்டுடைய பிரதிக் களஞ்சியத்திலிருந்து வரும்.

ஒரு பொதியைத் தனியே பதிவிறக்கி 'டிபிகேஜி' கருவியால் நிறுவும்போதுதான் சிக்கல் எழுகிறது. அந்தக் கருவி விடுபட்ட சார்புகளின் பெயர்களைச் சொல்லுமே தவிர, அவற்றைத் தேடிக் கொண்டுவராது. 1999இல் டெபியன் 2.1 பதிப்புடன் வந்த ஆப்ட்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. பாதியில் நின்ற நிறுவலை அதன் 'ஃபிக்ஸ்-புரோக்கன்' விருப்பத்தேர்வால் முடித்துவிடலாம், வேண்டிய பொதிகள் களஞ்சியத்தில் இருந்தால்.