அபார்ஷனுக்கு யார் கையெழுத்து வேணும்?

கார்டுல ரெண்டு கோடு வந்துருச்சு, இப்போ குழந்தை வேணாம்னு முடிவெடுத்து ஆஸ்பத்திரி ஓபில போய் நின்னா மொத கேள்வியே "கல்யாணம் ஆச்சா?"தான், அடுத்தது "புருஷன கூட்டிட்டு வந்து கையெழுத்து போடச் சொல்லு", அதுவும் வரிசைல நிக்கிற அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி. இதக் கேட்டுட்டு அப்படியே திரும்பிப் போன பொண்ணுங்கள பாத்திருக்கேன், அதனாலதான் எழுதுறேன்.

1971 எம்டிபி சட்டப்படி (கருக்கலைப்பு பத்தின சட்டம்) 18 வயசு முடிஞ்சவங்களுக்கு அவங்க கையெழுத்து மட்டும் போதும். போட வேண்டியது ஃபார்ம் சிங்கிற சம்மதப் படிவத்துல. அதுல இன்னாரோட மகள் இல்லன்னா மனைவின்னு ஒரு பேர் கேப்பாங்க, அவ்ளோதான். கருத்தடை ஃபெயில் ஆனதும் சட்டம் ஒத்துக்குற காரணம்தான், 2021 திருத்தத்துக்கு அப்புறம் கல்யாணம் ஆகாதவங்களுக்கும் சேத்துதான்.

பெரிய சிக்கல் வாரக்கணக்குல இருக்கு. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் சொன்னா போதும், அதுக்கு மேல 24 வரைக்கும் ரெண்டு டாக்டர் வேணும், அதுவும் குறிப்பிட்ட சூழ்நிலைல இருக்கவங்களுக்கு மட்டும்தான். டெஸ்ட் பண்ண நாள்லேருந்து எண்ணாதீங்க, கடைசி பீரியட்ஸோட மொத நாள்லேருந்து எண்ணணும், நாள் தள்ளி ஒரு வாரத்துல டெஸ்ட் பண்ணாலே அது அஞ்சு வாரம். இங்க "டாக்டர் லீவு", "அடுத்த வாரம் வா", "அம்மாவ கூட்டிட்டு வா", "கோர்ட்ல எழுதி வாங்கிட்டு வா"ன்னு அலைய விடுறதுலயே மாசம் போயிரும், அப்புறம் அவங்களே "லேட்டாயிருச்சேம்மா"ன்னு சொல்வாங்க. குடும்பத்தோட சம்மதம், கோர்ட் ஆர்டர்னு சட்டத்துல இல்லாத நிபந்தன போடக்கூடாதுன்னு 2022 செப்டம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அதனால முடியாதுன்னா சண்ட போடாம, "காரணத்த ஓபி சீட்டுலயே எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க, எழுதித் தரலன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர போய்ப் பாருங்க, இன்னொரு வாரம் காத்திருக்காதீங்க.

"காப்பர் டி போட்டாதான் பண்ணுவோம்"னு சொல்றாங்களா? சட்டத்துல அப்படி எதுவும் இல்ல. வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். உங்க பேர டாக்டர் வெளிய சொன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, வீட்டுக்கு ஃபோன் பண்றேன்னு யாராவது மிரட்டுனா இத சொல்லுங்க.

இந்த அலைச்சலுக்கு பயந்து மெடிக்கல் ஷாப்ல நேரா மாத்திர வாங்கிப் போட்டுறாதீங்க. டாக்டர் சீட்டோட 9 வாரம் வரைக்கும்தான் அது, கரு கர்ப்பப்பைல இல்லாம கருக்குழாய்ல தங்கியிருந்தா அந்த மாத்திர வேல செய்யாது, குழாய் வெடிச்சா உயிருக்கே ஆபத்து.